அரசியற் பாடத்திற் கட்டுரை வினாவுக்கு விடையெழுதும் முறை

அரசியற் பாடத்தில் எதிர்பார்த்த சித்தியைப் பெறாத மாணாக்கரின் விடைத்தாள்கள் பெரும்பாலும் வெறுந்தாள்களாக இருப்பதில்லை. அவை நிரம்பி வழிவன. மேலதிகத் தாள் கேட்டு வாங்கி நூல் கொண்டு கட்டப்பட்டவையும் அவற்றுட் பல உள. வகுப்பிற் கொடுக்கப்பட்ட குறிப்பு முழுவதும், ஆண்டும் பெயரும் பிரிவின் எண்ணும் பிசகாது, அத்தாள்களிற் காணப்படும். பெறுபேறு வெளியான பின்னர் அம்மாணாக்கர் கூறுவது ஒன்றே: படித்ததெல்லாம் எழுதினேன், புள்ளி மட்டும் வரவில்லை என்பர். அக்கூற்றின் முதற்பகுதி முற்றும் உண்மை. இரண்டாம் பகுதிக்குக் காரணமும் அதுவே. படித்ததெல்லாம் எழுதப்பட்டது, கேட்டதற்கு விடை எழுதப்படவில்லை.

பல்கலைக்கழக அனுமதி இசட் புள்ளியினாலும் மாவட்ட ஒதுக்கீட்டினாலும் தீர்மானிக்கப்படும் இந்நாட்டில், ஒரு வினாவில் நழுவவிட்ட நான்கு புள்ளி ஒரு மாணாக்கரின் வருங்காலத்தையே மாற்றிவிடக்கூடும். கற்றலிற் குறையில்லாத ஒருவர் எழுதும் முறை அறியாமையால் அந்நான்கு புள்ளியை இழப்பது வருந்தத்தக்கது. அம்முறை கற்பிக்கத்தக்கதாயிருந்தும் கற்பிக்கப்படாமற் போவது அதனினும் வருந்தத்தக்கது.

முதற்கண் உணரவேண்டியது, விடயம் வேறு வினா வேறு என்பதாம். சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு என்பது ஒரு விடயம். அதனை வைத்துப் பல வினாக்களை ஆக்கலாம். அப்பிரிவின் உள்ளடக்கத்தை விளக்குக என்பது ஒன்று. அப்பிரிவு சிறுபான்மையோருக்குப் போதிய காப்பாக அமைந்ததா என ஆராய்க என்பது பிறிதொன்று. 1972 ஆம் ஆண்டு யாப்பின் அடிப்படை உரிமை அத்தியாயம் அப்பிரிவின் இடத்தை நிரப்பியதா என்பது மூன்றாவது. குறிப்பை மனனஞ் செய்த மாணாக்கர் இம்மூன்றுக்கும் ஒரே விடையையே எழுதுவர். வினாவில் "29 ஆம் பிரிவு" என்ற சொற்களைக் கண்டதும் அவர் கண் அங்கேயே நின்றுவிடுகின்றது. ஏனைய சொற்கள் அவருக்குத் தோன்றுவதில்லை. பரீட்சகர் புள்ளி வழங்குவதோ அவ்வேனைய சொற்களுக்கே.

வினாவின் ஏவற் சொற்களைப் பற்றி எல்லா ஆசிரியரும் கூறுவர். ஆகவே ஈண்டு விரிக்க வேண்டியதில்லை. விவரிக்க என்றால் உள்ளதைச் சொல்ல வேண்டும்; விளக்குக என்றால் ஏன், எவ்வாறு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; ஆராய்க, மதிப்பிடுக என்றால் இருபுறமும் நிறுத்துப் பார்த்து ஒரு தீர்ப்புக் கூற வேண்டும். ஆயினும் ஏவற் சொல்லினும் பார்க்க மாணாக்கர் கவனியாது விடுவது வினாவினுள் அமைந்த அளவுச் சொல்லாகும். "எவ்வளவிற்கு", "போதிய", "முற்றாக", "முக்கிய காரணம்" என்பன போன்ற சொற்கள் வினாவின் உயிர்நிலை. ஒரு காரணத்தை முக்கிய காரணம் எனக் கொள்ளலாமா எனக் கேட்கும் வினாவுக்கு அக்காரணத்தை மாத்திரம் நான்கு பக்கம் விவரித்து விடையிறுக்க முடியாது. வேறு காரணங்களோடு அதனை ஒப்பிட்டாலன்றி முக்கியமா அன்றா என்பது புலப்படாதன்றோ?

மேலே காட்டிய இரண்டாவது வினாவை எடுத்துச் செய்து பார்ப்பது பயன்தரும். "சோல்பரி யாப்பின் 29 ஆம் பிரிவு சிறுபான்மையோருக்குப் போதிய காப்பாக அமைந்ததா? ஆராய்க." இவ்வினாவைக் கண்டவுடன் பேனாவை எடுப்பவர் 1944 ஆம் ஆண்டு வந்த சோல்பரி ஆணைக்குழுவிலிருந்து தொடங்குவர். பிரதிநிதிகள் சபையின் 101 உறுப்பினரும், அவருள் நியமனம் பெற்ற அறுவரும், மூதவையின் முப்பதின்மரும் வரிசையாக வந்து சேர்வர். எண்கள் யாவும் சரியானவை. அவற்றுள் ஒன்றுக்கேனும் இவ்வினாவிற் புள்ளி இல்லை. மூதவையும், நியமன உறுப்பினரும், கோமறைக் கழகத்துக்கு மேன்முறையீடு செய்யும் உரிமையும் காப்பின் ஏனைய கூறுகளாகக் கருதப்பட்டன என ஒரே வாக்கியத்திற் சொல்லி அப்பாற் செல்லலாம். அவ்வளவே அவற்றுக்குரிய இடம்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டு வினாவின் சொற்களைத் தனித்தனி வினவுபவர் வேறு வழியிற் செல்வர். சிறுபான்மையோர் என்பவர் யாவர்? ஒரு கூட்டத்தினர் தாமா? மலையகத் தமிழரின் பிரசாவுரிமையும், தமிழ் அரசாங்க ஊழியரின் மொழிப் பிரச்சினையும், சமய நிறுவனங்களின் தன்னாட்சியும் ஒன்றல்ல. ஒருவருக்குக் காப்பாக நின்றது மற்றவருக்கு நில்லாமற் போயிருக்கலாம். காப்பு எதனின்று? சட்டமன்றம் ஆக்கும் சட்டத்தினின்றா, நிர்வாகம் செய்யும் செயலினின்றா? 29 ஆம் பிரிவு சட்டவாக்கத்தையே கட்டுப்படுத்தியது என்பதை இக்கேள்வி நினைவூட்டும். போதிய என்பதற்கு அளவுகோல் யாது? சட்டநூலில் அழகாக எழுதப்பட்டிருத்தல் போதுமா, அன்றிச் சோதனை வந்தபோது தாங்கியிருத்தல் வேண்டுமா? மூன்றாவது கேள்விக்கு ஒரு வாக்கியத்தில் விடை கண்டவர் அரைவாசி வேலையை முடித்துவிட்டார். எஞ்சியது சான்றுகளை அவ்வளவுகோலால் அளந்து காட்டுவதே.

சான்றுகள் பல வேண்டியதில்லை, தக்கன வேண்டும். 29 ஆம் பிரிவின் 2 ஆம் உட்பிரிவு சமயத்தைச் சுதந்திரமாக அனுட்டிப்பதைத் தடுக்கும் சட்டத்தையும், பிற சமூகத்தவருக்கு இல்லாத இடையூற்றை ஒரு சமூகத்தவருக்கு விதிக்கும் சட்டத்தையும், பிற சமூகத்தவருக்கு இல்லாத சலுகையை ஒரு சமூகத்தவருக்கு வழங்கும் சட்டத்தையும், சமய நிறுவனமொன்றின் அமைப்பை அதன் ஆளுஞ்சபையின் சம்மதமின்றி மாற்றும் சட்டத்தையும் தடை செய்தது. 3 ஆம் உட்பிரிவு அத்தடையை மீறிய சட்டம் மீறிய அளவுக்குச் செல்லாது என்றது. யாப்பைத் திருத்துதற்கு வேண்டிய மூன்றில் இரண்டு பெரும்பான்மை 4 ஆம் உட்பிரிவில் உள்ளது. இவ்வுட்பிரிவுகளைக் கலந்து எழுதுவது மிகப் பரந்துபட்ட பிழை.

முதற் சோதனை விரைவில் வந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949 ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் சேர்ந்து மலையகத் தமிழருட் பெரும்பாலாரின் வாக்குரிமையைப் போக்கின. அவை 29 ஆம் பிரிவுக்கு முரணானவை என்ற வாதம் கொடக்கன்பிள்ளை எதிர் முதன்நாயக்க என்ற வழக்கிற் கோமறைக் கழகம் வரை சென்று 1953 இல் தோல்வியுற்றது. தன் பிரசைகள் யாவர் எனத் தீர்மானிப்பது சட்டமன்றத்துக்கு இயல்பாகவே உரிய அதிகாரம் என அம்மன்று கொண்டது. சாதாரண விடை இவ்விடத்தில் நின்றுவிடும். சிறந்த விடை இன்னும் ஓர் அடி செல்லும்: நேரே முரண்படாத சொற்களால் ஆக்கப்பட்ட சட்டமும் மறைமுகமாக அதே பயனை விளைக்கக்கூடும் என்பதை அம்மன்று கொள்கையளவில் ஏற்றுக்கொண்டது, ஆயினும் அவ்வழக்கில் அத்தகைய நோக்கம் நிறுவப்படவில்லை எனத் தீர்த்தது. எனவே பிரிவு பயனற்றதென ஒரே வீச்சிற் சொல்வதைவிட, நிறுவுதற்குரிய சுமை மிகப் பெரிதாயிருந்தது எனச் சொல்வது உண்மைக்கு அண்மையில் நிற்கும்.

இரண்டாவது சோதனை 1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரச கரும மொழிச் சட்டம். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்றாமையாற் சம்பள உயர்ச்சியை இழந்த அரசாங்க எழுதுவினைஞராகிய கோடீஸ்வரன் தொடுத்த வழக்கில், அச்சட்டம் 29 ஆம் பிரிவை மீறியது என 1964 இற் கொழும்பு மாவட்ட நீதிமன்றம் தீர்த்தது. 1967 இல் உயர் நீதிமன்றம், சம்பளத்துக்காக அரசாங்க ஊழியர் முடியின்மீது வழக்கிட முடியாது என்ற காரணத்தால் அத்தீர்ப்பை நீக்கியது. 1969 இற் கோமறைக் கழகம் வழக்கிடலாம் எனக் கூறி, யாப்புப் பற்றிய வினாவை உயர் நீதிமன்றமே ஆராயுமாறு திருப்பி அனுப்பிற்று. 1972 மே 22 இற் புதிய யாப்பு நடைமுறைக்கு வரும்வரை அவ்வினாவுக்கு விடை கிடைக்கவில்லை. இவ்வழக்கை மாணாக்கர் சிலர் வெற்றியெனவும் சிலர் தோல்வியெனவும் எழுதுவர். இரண்டும் பொருந்தா. கேட்கப்பட்டும் தீர்க்கப்படாத வினா என்பதே அதன் உண்மை நிலை; காப்பின் போதாமைக்கு அதுவே ஒரு சான்றாதல் கூடும்.

இனி எதிர்ப்புறத்தை நோக்க வேண்டும். பெரும்பாலான விடைகள் வலுவிழப்பது இங்கேதான். பிரிவு பயன்தரவில்லை என்ற முடிவை முன்னரே கொண்ட மாணாக்கர் மறுபுறத்துக்கு இரண்டு வரி ஒதுக்கி, கடனைத் தீர்த்ததாக எண்ணுவர். மறுபுறத்தில் வலிய சான்று உண்டு. 1964 இல் இலஞ்ச ஆணையாளர் எதிர் ரணசிங்க என்ற வழக்கிற் கோமறைக் கழகம் போகிற போக்கில் ஒரு கருத்தைக் கூறியது: 29 ஆம் பிரிவின் 2 ஆம் உட்பிரிவு இந்நாட்டு மக்கள் தமக்குள் யாப்பை ஏற்றுக்கொண்டதற்கு அடிப்படையான நிபந்தனை, ஆகவே அது மாற்றவொண்ணாதது என்பது அதன் பொருள். அது வழக்கின் தீர்ப்புக்கு இன்றியமையாத கூற்று அன்று. எனினும், 1970 யூலையில் நவரங்ககல மண்டபத்தில் அரசியல் நிர்ணய சபை கூடியபோது, அதனைக் கூட்டியோர் சோல்பரி யாப்பின் திருத்த விதிகளைப் பின்பற்றாது அதற்குப் புறம்பே புதிய யாப்பை ஆக்கத் தலைப்பட்டனர். முடியாட்சியின் தொடர்பை அறுத்தல் அதற்குக் கூறப்பட்ட காரணம். ஆயின் மாற்றவொண்ணாத பிரிவொன்று இருக்கும்போது அதனை உள்ளிருந்து நீக்குதல் அரிது என்பதும் அக்காலத்திற் கருதப்பட்டதே. அப்பிரிவு வலுவற்றதாயின் அதனைத் தாண்டிச் செல்ல வேறு வழி தேடவேண்டியதென்ன என்று ஒரு மாணாக்கர் வினவுவாராயின், அவர் விடை திருத்துபவரைச் சற்று நிறுத்தி மீண்டும் வாசிக்கச் செய்யும். அவ்வினாவை எழுப்பிய பின்பும் பிரிவு போதாது என்ற முடிவுக்கே அவர் வரலாம். முன்னைய முடிவுக்கும் இதற்கும் வேற்றுமை பெரிது. இது எதிர்வாதத்தைச் சந்தித்துப் பெற்ற முடிவு.

இவ்விடயம் தமிழ் மாணாக்கருக்கு வெறும் பாடமன்று. பாட்டனார் வேலையை இழந்த கதையையும், தந்தையார் பெட்டியோடு ஊர் திரும்பிய கதையையும் கேட்டு வளர்ந்தவர் 1956 ஐப் பற்றி எழுதும்போது அவர் பேனா சூடேறுவது இயல்பே. அச்சூடு இழிவானதன்று. ஆனாற் பரீட்சை மண்டபத்தில் அது மேடைப்பேச்சாக மாறிவிடுகின்றது. "எமது உரிமைகள் ஈவிரக்கமின்றி நசுக்கப்பட்டன" என்ற வாக்கியத்துக்குப் புள்ளித் திட்டத்தில் இடமில்லை. அதனை எந்த ஆண்டுக்கும் எந்த நாட்டுக்கும் எழுதிவிடலாம். சம்பள உயர்ச்சியை இழந்த எழுதுவினைஞர் ஒருவரின் வழக்கு எட்டாண்டுக்கு மேலாக மூன்று மன்றங்களைக் கண்டும் அதன் மூல வினா தீர்க்கப்படவில்லை என்பது அதே செய்தியைச் சொல்கின்றது, மறுக்கவும் இயலாது. விடையை எழுதியவர் தமக்குத் தாமே ஒரு சோதனை வைத்துக்கொள்ளலாம். இதே வினாவுக்கு மாத்தறையிற் சிங்கள மொழியில் விடையெழுதும் மாணாக்கர் ஒருவர் இதனை வாசித்தால், முடிவை விரும்பாவிடினும் சான்றுகளை ஒப்புக்கொள்வாரா? ஒப்புக்கொள்வாராயின் விடை நின்றுவிட்டது. பரீட்சகர் எப்பக்கத்தவர் என ஊகித்து அவருக்கு உவப்பானதை எழுத முயல்வதும் வீண் முயற்சியே. முடிவுக்குப் புள்ளி இல்லை. முடிவுக்கு வந்த வழிக்கே புள்ளி.

தொடக்கத்தைப் பற்றி ஒரு சொல். வலுவேறாக்கம் பற்றிய எவ்வினாவுக்கும் மொன்டெஸ்கியூவின் வாழ்க்கை வரலாற்றோடு தொடங்கும் வழக்கம் நம் வகுப்புகளில் வேரூன்றிவிட்டது. அவர் நூல் 1748 இல் வெளிவந்தது என்பது உண்மை. ஆனால் வினா 2018 ஆம் ஆண்டு இலங்கையைப் பற்றியதாயின் அப்பெரியார் இரண்டாம் பந்தி வரை காத்திருக்கலாம். முதற் பந்தியிலேயே விடையின் முடிவைச் சொல்லிவிடுவது நன்று. துப்பறியும் கதைபோல இறுதிவரை மறைத்து வைக்க வேண்டியதில்லை. நூற்றுக்கணக்கான தாள்களைத் திருத்துபவர், இம்மாணாக்கர் எங்கே போகிறார் என்பதை ஆரம்பத்திலேயே அறிந்தால் மனம் ஒப்பி உடன் செல்வார்.

வரிசைப்படுத்தலில் உள்ள ஓர் இடரையும் கூற வேண்டும். நிறைவேற்றதிகார சனாதிபதி முறை பற்றிய வினாவுக்கு மாணாக்கர் திருத்தங்களைக் கால ஒழுங்கில் அடுக்குவர்: 2001 இற் பதினேழாவது, 2010 இற் பதினெட்டாவது, 2015 இற் பத்தொன்பதாவது, 2020 இல் இருபதாவது, 2022 இல் இருபத்தோராவது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்தி. இது பஞ்சாங்கம், விடையன்று. சனாதிபதியின் அதிகாரம் எவ்வளவிற்குக் கட்டுப்பாடற்றது என்பது வினாவாயின், கட்டுப்பாடுகளின் வகையே பந்திகளின் தலைமையாதல் வேண்டும். பதவிக்கால எல்லை ஒரு வகை. அது 1978 இலிருந்து 2010 இல் நீக்கப்படும் வரையும், 2015 இல் மீண்டு வந்தபின்னும் இருந்தது. நியமனங்களை அரசியலமைப்புப் பேரவையூடாகச் செய்தல் வேறொரு வகை; அது 2001 இல் வந்து, 2010 இற் போய், 2015 இல் மீண்டு, 2020 இல் மறுபடி போய், 2022 இற் திரும்பியது. இவ்வாறு எழுதும்போதே மாணாக்கர் தாமாக ஓர் உண்மையைக் காண்பர்: கட்டுப்பாடு யாப்பின் சொற்களிலும் பார்க்க அவ்வக்காலப் பாராளுமன்றத்தின் மூன்றில் இரண்டு பெரும்பான்மையிலே தங்கியிருந்தது. நீதிமன்றக் கட்டுப்பாட்டுக்கு 2018 டிசம்பர் 13 இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்கள் ஒருமித்து, அவ்வாண்டு நவம்பரிற் செய்யப்பட்ட பாராளுமன்றக் கலைப்பு யாப்புக்கு முரணானது எனத் தீர்த்ததைக் காட்டலாம்.

ஒப்பிடும் வினாவிலும் இதே நோயைக் காணலாம். பிரித்தானியப் பிரதமரையும் இலங்கைச் சனாதிபதியையும் ஒப்பிடுக என்றால், முற்பாதி பிரித்தானியாவுக்கும் பிற்பாதி இலங்கைக்கும் போய்விடும். ஒப்பீட்டைப் பரீட்சகரே செய்துகொள்ள வேண்டும். பதவி நீக்கத்தை ஓர் அடிப்படையாகக் கொண்டு ஒரே பந்தியில் இருவரையும் நிறுத்துவது முறை. 1979 மார்ச் 28 இற் பிரதமர் கலகனின் அரசாங்கம் நம்பிக்கையில்லாப் பிரேரணையில் ஒரேயொரு வாக்கினால் வீழ்ந்து பொதுத் தேர்தலுக்குச் சென்றது. இலங்கையிற் சனாதிபதியை நீக்கும் 38 ஆம் உறுப்புரையின் நடைமுறை எவரையும் இன்றுவரை பதவியினின்று அகற்றவில்லை. 2022 யூலையிற் கோட்டாபய ராஜபக்ச பதவி துறந்தது மக்கள் எழுச்சியின் அழுத்தத்தினால். இரு வாக்கியங்கள் அருகருகே நின்றபோதே வேற்றுமை விளங்கிவிட்டது.

நேரத்தைப் பற்றிய கணக்கு எளியது. ஆனாற் பின்பற்றுவோர் சிலரே. மூன்று மணித்தியாலத்தில் ஐந்து வினாவாயின் ஒன்றுக்கு 36 நிமிடம். அதில் ஐந்து நிமிடம் திட்டமிடுவதற்கு, மூன்று நிமிடம் திரும்ப வாசிப்பதற்கு, மிகுதி எழுதுவதற்கு. விருப்பமான வினாவொன்றுக்கு ஒரு மணித்தியாலம் செலவிடுபவர் இருபது புள்ளியிற் பன்னிரண்டைப் பதினான்காக உயர்த்தலாம். அதற்கு விலையாக ஐந்தாவது வினாவை எழுதாமல் விட்டுப் பத்துப் புள்ளியை இழப்பர். கடைக்காரர் எவரும் செய்யாத வியாபாரம் இது. முதற் சில புள்ளிகள் எவ்வினாவிலும் எளிதாகக் கிடைப்பன. இறுதிப் புள்ளிகளே அரியன. திட்டத்துக்கு ஒதுக்கிய ஐந்து நிமிடத்தை வீண் என எண்ணுபவர், நடுவில் நின்று அடுத்தது யாதென யோசிக்கும் நிமிடங்களைக் கணக்கிடுவதில்லை. தாளின் ஓரத்தில் இரண்டு நிரல் கீறி, இப்புறம் மூன்று சான்று அப்புறம் மூன்று சான்று, கீழே அளவுகோல் ஒரு வரியில் என எழுதிக்கொண்டாற் போதும். எழுதி முடிந்தபின் அதனை ஒரு கோட்டால் வெட்டிவிட வேண்டும்.

இங்கு ஆசிரியரின் பங்கும் உண்டு. குறிப்பைச் சொல்லி எழுதுவிப்பது எளிது. மாணாக்கரும் பெற்றோரும் அதனையே விரும்புவர். கொப்பி நிரம்பியிருந்தாற் கற்பித்தல் நடந்ததென்பதற்கு அதுவே சாட்சி. ஆனாற் கடைசித் தவணையிலேனும், விடையெழுதாமல் வினாவை மட்டும் பிரித்துப் பார்க்கும் பாடங்கள் சில வேண்டும். ஒரு விடயத்தை வைத்து ஐந்து வினா கரும்பலகையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் முதற் பந்தியை மாத்திரம் எழுதச் சொன்னால், ஐந்தும் ஒன்றுபோல வந்தவரை இனங்காணலாம். நாற்பது நிமிடப் பாடவேளை ஒன்றுக்குள் இதனைச் செய்ய முடியும். திருத்துவதற்கும் அதிக நேரம் செல்லாது.

சில சிறிய விடயங்கள் எஞ்சியுள்ளன. ஆண்டு உறுதியாக நினைவில் இல்லையாயின் ஊகித்து எழுதுவதிலும் பார்க்கச் சுதந்திரத்துக்குப் பின்வந்த முதலாவது பாராளுமன்றக் காலத்தில் என்பது போலச் சரியாகச் சுட்டுவது நன்று; பிழையான ஆண்டு அருகிலுள்ள சரியான வாதத்தையும் ஐயத்துக்குள்ளாக்கும். வழக்கின் பெயர் மறந்துபோயின் வழக்கின் விடயத்தைச் சொல்லலாம். கலைச்சொற்களில் ஒன்றைத் தெரிந்து இறுதிவரை அதனையே வழங்க வேண்டும். முதற் பந்தியில் யாப்பு, இரண்டாவதில் அரசியலமைப்பு, மூன்றாவதில் அரசியற்றிட்டம் என மாறினால் மூன்று பொருளோ என மயங்க நேரிடும். இறுதி வினாவுக்கு நேரம் போதாது போய்விட்டால், எழுதிக்கொண்டிருந்த பந்தியை அங்கேயே நிறுத்தி, எஞ்சிய சான்றுகளை ஒவ்வொரு வரியாகவும் முடிவை ஒரு வாக்கியமாகவும் எழுதிக் கொடுக்கலாம். அரைகுறையான நீண்ட பந்தியைவிட அச்சுருக்கத்திலிருந்து பரீட்சகர் வாதத்தின் முழு வடிவையும் காண்பர். அதற்குரிய புள்ளியையும் வழங்குவர்.